வலது பக்கத்தில் தொடங்கிய புத்தகம்

எனக்குச் சின்ன வயசிலிருந்தே பயம்தான். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். அணைத்திருப்பேன். மறுபடி கிளம்பி, கதவைச் சாத்தினேனா என்று நிற்பேன். ‘ரெண்டு தடவ போறவ’ என்றுதான் அம்மா என்னைக் கூப்பிடுவாள். இப்படி எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற நான் ஒரே ஒரு பொருளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இன்னொருத்தி கைக்குப் போக விட்டேன். அது ஒரு கதைப் புத்தகம்.

மைசூர் ராஜ்யம் பெரிசாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். அல்சூரில் எங்கள் லைனில் பன்னிரண்டு வீடு, ஒரே நல்லி. தண்ணீர்க் குழாயை நாங்கள் கன்னடத்துப் பேரில்தான் சொல்வோம். அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே, ஏழாவது பாதியில், என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அம்மா பங்களா வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள், சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அழுதேன் என்று சொன்னால் பொய். பரீட்சை பயம் விட்டது என்று முதல் வாரம் நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டாவது வாரம், காலையில் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தபோதுதான் இனிமேல் எனக்கு ஒன்றுமே நடக்கப்போவதில்லை என்று உறைத்தது.

அண்ணனுக்கு சலூனில் வேலை. அங்கே வாங்குகிற தமிழ் வாரப் பத்திரிகை, அடுத்த இதழ் வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வரும். பக்கங்களுக்கு நடுவில் முடி இருக்கும், சோப்பு நுரை காய்ந்த கறை இருக்கும். தட்டிவிட்டுப் படிப்பேன். அதில் ஒரு தொடர்கதை வந்தது. பனி மூடின ஒரு கோட்டை ஊர். அதற்கு ஒரே வாசல், வெளியே என்ன இருக்கிறது என்று உள்ளே யாருக்கும் தெரியாது. ஒரு பெண் அந்த வாசலைத் திறந்துகொண்டு போய்விடுகிறாள். இதை நாலு பேர் மாறி மாறிச் சொல்வார்கள். ஒரு வாரம் அந்தப் பெண் சொல்வாள், ஒரு வாரம் அவளைச் சுமந்து போன குதிரை, ஒரு வாரம் ஏரியில் கிடக்கிற பூதம், ஒரு வாரம் வாசல்காரன். அடுத்த வாரம் யார் வாயைத் திறப்பார்கள் என்று எனக்கு ஏழு நாளும் அதே நினைப்பு. அந்தப் பெண் மாட்டிக்கொள்வாளே, கதவை யாராவது சாத்தித் தொலையுங்களேன் என்று மாவாட்டும்போதுகூட மனசு அடித்துக்கொள்ளும். கடைசி வாரம் வாசல்காரன் சொன்னான்: பனி விலகினபோது வாசலுக்கு வெளியே, கொஞ்ச தூரத்தில், ஒரு கல் தெரிந்தது, அது பெண் உருவமாக இருந்தது என்று. கதை அத்தோடு முடிந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, இடது ஓரத்தில் நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தேன். கதை முடிந்ததும் அண்ணனை நச்சரித்து பைண்டு பண்ணக் கொடுத்தேன். ரசல் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பைண்டர் பாய் ஒருவர் இருந்தார். உருதுப் புத்தகங்களுக்கு அட்டை போடுவதுதான் அவர் தொழில். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. கட்டைப் புரட்டிவிட்டு, “ஷுரு எது பேட்டி?” என்று கேட்டார். எது ஆரம்பம், மகளே என்று கேட்கிறார். மேலே இருந்த முதல் வாரத்தைத் தொட்டுக் காட்டினேன். “பக்காவா?” என்றார். பக்கா என்றேன்.

நாலு நாள் கழித்து சிவப்புக் காலிகோத் துணி அட்டை போட்டு, ஓரமெல்லாம் சீராக வெட்டி, பசை வாசனையோடு கொடுத்தார். நான் அட்டையைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாயிற்றே, பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே எதிர் வீட்டுக்காரி அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எதிர் வீட்டில் இரண்டு பெண்கள். பிடுங்கிக்கொண்டு போனவள் பெரியவள், என் சிநேகிதி. என்னைவிட ஒரு வயசு மூத்தவள், ஆனாலும் ‘டி’ போட்டுத்தான் பேசிக்கொள்வோம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சின்னவளுக்குப் பதிமூன்று வயசு, வாய்க்கு மட்டும் நாற்பது. புத்தகம் பெரியவளிடமிருந்து சின்னவளுக்கும், அவளிடமிருந்து மூலை வீட்டுத் தையல்காரர் மகளுக்கும் போயிற்று. என் கைக்கு வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நல்லியடியில் இதே பேச்சு.

சின்னவள் குதிரைக் கட்சி. குதிரை சொல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை, மற்ற மூணு பேரும் தங்களைப் பற்றியே பேசுகிறார்கள், குதிரை மட்டும்தான் வழியைப் பற்றிப் பேசுகிறது என்பாள். அதுவும் அது மாயக் குதிரையாம். முதலில் களைத்து நுரை தள்ளி வருகிறதாம், போகப்போக வயசு குறைந்து துள்ளுகிறதாம். எனக்கு அப்படிப் படித்த ஞாபகமே இல்லை. தையல்காரர் மகளுக்குப் பூதத்தின்மேல் இரக்கம். “மொதல்ல அழுவுது, அப்புறம் கோவிச்சுக்குது. எங்கப்பா மாதிரியே” என்று சொல்லிக் குடத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பாள். பூதம் முதலில் அந்தப் பெண்ணை விழுங்க வந்ததும், அவள் போன பிறகு அழுததும்தானே எனக்குத் தெரியும். குழம்பிப்போனேன்.

என் சிநேகிதி அந்தப் பெண்ணின் கட்சி. வேறு யார் பேச்சும் அவளுக்கு வேண்டாம். கடைசிப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்வாள்: ‘தாழ்ப்பாள் என் கைக்கு லேசாக இருந்தது. காலை எடுத்து வெளியே வைத்தேன்.’

கல்லாகிப்போவதுதானே முடிவு என்று நான் மெல்லக் கேட்டேன்.

“ஏழாவதுல நின்னுட்டா இப்பிடித்தான்” என்றாள் தையல்காரர் மகள். “ஆரம்பத்தைப் போயி முடிவுங்கிறா பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று பேர் ஒரே மாதிரி சொல்லும்போது நான்தானே தப்பாகப் படித்திருக்க வேண்டும்? வாரம் ஒன்றாகப் படித்ததில் முன்னும் பின்னும் மாறிப்போயிருக்கும், படிக்கத் தெரிந்தவர்கள் முழுசாகப் படித்தால்தான் விளங்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நல்லியடியில் வாயைத் திறக்கவில்லை.

இதற்கு நடுவில் எதிர் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. என் சிநேகிதிக்கு அவள் தாய்மாமனைப் பேசி முடித்திருந்தார்கள். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை. முதல் சம்சாரம் செத்து, ஒரு குழந்தை இருந்தது. அவளைவிடப் பதினாறு வயசு பெரியவர். நல்ல மனுஷர்தான். வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சின்னதுகளுக்குக்கூட மிட்டாய் வாங்கி வருவார். அவளுக்கோ மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. இன்ஸ்டிட்யூட் மெஷினிலேயே விண்ணப்பம் அடித்துப் போட்டிருக்கிறாள், வீட்டுக்குத் தெரியாது. ஒரு தடவை ஜாடையாகக் கேட்டதற்கு, ஊர் ஆம்பளைகளைத் தொட்டுத் துடைக்கவா பெண்ணைப் பெற்றேன், படி தாண்டினால் தலைமுழுகிவிடுவேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

இரண்டு மாசமாகப் போகலாமா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தவள், இந்தப் புத்தகத்தைப் படித்த பிறகு ஒரு நாள் துணி அலசிக்கொண்டே என் காதில் சொன்னாள், வர்ற வெள்ளிக்கிழமை காலை ரயிலில் போகிறேன் என்று. டைப்பிங் கிளாஸுக்குப் போகிற மாதிரிக் கிளம்புவாள். கையில் பை இருந்தால் சந்தேகம் வரும். அதனால் இரண்டு சேலையும் சர்டிபிகேட்டும் வைத்த துணிப்பை என்னிடம் இருக்க வேண்டும், நான் அதைக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வேண்டும்.

“ஒனக்கு பயமா இல்லியாடி?” என்று கேட்டேன்.

“கல்லா கெடந்தவளே எழுந்து வாசலத் தொறந்துட்டா. நான் உசுரோடதானே இருக்கேன்?”

அந்தப் பையை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எனக்குத் தூக்கம் போயிற்று. அம்மா அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் முந்திக்கொண்டு ஓடி நானே அளந்து போட்டேன். உனக்கு என்ன புதுசாகக் கரிசனம் என்று அம்மா கேட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் தையல்காரர் மகள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிரித்தேன். முதல் பக்கத்தில் வாசல்காரன் பேசிக்கொண்டிருந்தான். பனி, கல், பெண் உருவம். கடைசி வாரம் முதலில் இருந்தது. வேகவேகமாகப் புரட்டினேன். அழுகிற பூதம், களைத்த குதிரை, கடைசியில், பின் அட்டைக்கு முன்னால், முதல் வாரம். தாழ்ப்பாள் என் கைக்கு லேசாக இருந்தது.

பாயின் மேல் ஒரு குற்றமும் இல்லை. உருதுப் புத்தகத்தில் நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அதுதான் முதல் பக்கம். எது ஆரம்பம் என்று கேட்டார், காட்டினேன், அவர் கைக்குப் பழக்கமான இடத்தில், வலது ஓரத்தில், வைத்துவிட்டார். நான் தைத்து வைத்திருந்த ஒவ்வொரு வாரமும் உள்ளே ஒழுங்காகத்தான் இருந்தது. வாரங்களின் வரிசைதான் தலைகீழ். அத்தியாய எண் மேலே படத்துக்குள்ளும், ‘தொடரும்’, ‘முற்றும்’ எல்லாம் கீழ் ஓரத்திலும் அச்சாகியிருக்கும், ஓரம் வெட்டினபோது அவையும் போயிருந்தன. மூன்று பெண்கள் அதைப் படித்துவிட்டு, எழுதினவரின் சாமர்த்தியம் என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் தப்பாகப் படிக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அடுத்த நிமிஷமே அரிசி டின் ஞாபகம் வந்தது. வாசலைத் தாண்டினவள் கல்லாகிறாள். இவள் தலைகீழாகப் படித்துவிட்டு நாளை மறுநாள் ரயிலேறப் போகிறாள். அந்தப் புத்தகத்தைப் பைண்டு பண்ணி வைத்தவள் நான்.

அன்றைக்கும் மறுநாளும் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தேன். கதைதானே என்று ஒரு நிமிஷம் தேற்றிக்கொள்வேன். மெட்ராஸில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், காய்ச்சலோ, வேறு ஏதோ, நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தானே என்று அடுத்த நிமிஷம் தோன்றும். வியாழக்கிழமை இரண்டு தடவை அவள் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். ஒரு தடவை அவள் அம்மா இருந்தாள், ஒரு தடவை அவளே இருந்தாள், தலை பின்னிக்கொண்டிருந்தாள். சீப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் போய்விட்டால் நல்லியடியில் எனக்குப் பக்கத்தில் யார் குடம் வைப்பார்கள்? படிக்காதவளை ஒரு ஆளாக நினைத்து, படித்ததைப் பகிர்ந்துகொள்ள அவள் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்காகப் பயந்தது எவ்வளவு, எனக்காகப் பயந்தது எவ்வளவு என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சின்னதுகளைத் தையல்காரர் வீட்டில் விட்டுவிட்டு, பையைத் தாவணிக்குள் அணைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அவள் எனக்கு முன்னாலேயே வந்து, பிளாட்பாரத்துக் கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டிக்கெட்டை எடுத்துக் காட்டினாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, போனதும் எனக்குக் கடிதம் போடுவதாகவும், சின்னவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். பையை அவள் மடியில் வைத்தேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

“அந்தக் கதை தலைகீழா இருக்குதுடி” என்றேன்.

“எந்தக் கதை?”

“பைண்டு பண்ணது. பாய் மாத்தி வெச்சுட்டாரு. நீ கடைசியில படிச்சது மொத வாரம்.”

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. நான் விரலால் பெஞ்சு மேல் இப்படி அப்படி என்று காட்டிச் சொன்னேன். குதிரை ஏன் வயசு குறைந்த மாதிரி தெரிந்தது, பூதம் ஏன் முதலில் அழுதது, எல்லாம் சொன்னேன். எனக்கு வார்த்தை தடையில்லாமல் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அப்ப அந்தக் கல்லு?”

“அதான் முடிவு.”

“வெளிய போன பிறகா?”

“ஆமா.”

அவள் பையின் காதைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினாள். ரயில் வந்து நின்றது. கூலிகள் ஓடினார்கள். ஒரு குடும்பம் படுக்கை மூட்டையோடு எங்கள் காலை மிதித்துக்கொண்டு போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருடி, அது வெறும் கதை, ஏறு என்று நான் சொல்ல வேண்டும். அவள் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியில் தள்ள வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. பயம் அவளுக்குள் முன்னாலேயே இருந்திருக்கும், நான் சொல்லாவிட்டாலும் கடைசி நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டிருப்பாள் என்று பிற்பாடு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் வாயைத் திறக்கும்வரை அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் பார்த்தேன்.

ரயில் போன பிறகு, “சும்னே ஒரு கதைடி” என்றாள், சும்மா என்பதற்குக் கன்னடத்து வார்த்தையைப் போட்டு. யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. டைப்பிங் கிளாஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பையை என்னிடமே கொடுத்துவிட்டு நேராக அங்கே போனாள். ஒரு நாள்கூட மட்டம் போட்ட பேர் அவளுக்கு இல்லை.

அவளுக்குக் கோலாரில் நாலு பிள்ளைகள். கல்யாணங்களில் பார்த்துக்கொள்வோம், நன்றாகத்தான் பேசுவாள். அந்த வெள்ளிக்கிழமையை இருவரும் தொட்டதில்லை. மாமன் மேல் அவளுக்கு மனக்குறை ஏதும் இருந்ததாக நான் கேள்விப்படவும் இல்லை. இதையெல்லாம் வைத்து என்னைத் தேற்ற நினைப்பவர்களுக்கு, அந்த வெள்ளிக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் நிச்சயதார்த்தம். மாமன் வீட்டார் கோலாரிலிருந்து வந்துவிட்டார்கள். நல்லியடியில் சின்னவளும் நானும் மட்டும்தான், விருந்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். புத்தகம் தலைகீழ் என்கிற சங்கதி அவளுக்கும் தெரிந்திருந்தது, அக்கா சொல்லியிருக்கிறாள். தன் குதிரைக்காக இன்னும் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். அவள் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

“எப்பிடி வெச்சா என்னக்கா? கல்லுன்னு சொன்னது யாரு, வாசக்காரன்தானே? அவன் உள்ளேயே நின்னவன். வெளிய ஒரு அடிகூட வெச்சதில்ல. பனியில தூரமா ஏதோ கல்லப் பாத்தான், அவதான்னுட்டான். போனவ என்ன ஆனான்னு அவனுக்கு என்ன தெரியும்?”

குடம் நிரம்பி வழிந்தது. நல்லியை மூடவேயில்லை நான். முப்பத்தெட்டு வாரம் அந்தக் கதையைப் படித்திருக்கிறேன், கறையைத் துடைத்துத் துடைத்து. கடைசி வாரம் பேசினவன் சொல்வதுதான் நடந்தது என்று எடுத்துக்கொண்டேனே ஒழிய, பேசுகிறவன் எங்கே நின்று பேசுகிறான் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பூதம் சொன்னதை நம்பாதவள், குதிரை சொன்னதைச் சந்தேகப்பட்டவள், வாசல்காரனை மட்டும் அப்படியே நம்பிவிட்டேன். அவன் என்னை மாதிரியே பயப்படுகிறவன், அதனால்தானோ என்னவோ. அவன் சொன்னதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் அவள் தலையில் இறக்கினேன்.

குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பாதி வழியில் நல்லியைத் திறந்து போட்டு வந்தது ஞாபகம் வந்தது, திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் சேர இன்னும் நாலு நாள் தவணை இருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள். பை இன்னும் எங்கள் அரிசி டின்னுக்குப் பின்னால்தான் இருந்தது. சின்னவள் சொன்னதை ஒரே ஒரு தடவை அவள் காதில் போட்டுவிட்டால் போதும், மீதி அவள் பாடு என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

உள்ளே கூடம் நிறைய ஆள். பாய் விரித்து இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் பச்சைச் சேலையில் சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், காதில் புதுக் கம்மல். மாமன் ஓரமாக நின்று, தன் குழந்தையை மடியில் தூங்கவைத்து விசிறிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என் சிநேகிதியின் அப்பா வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் எடுத்தார்.

என் பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நிலைப்படியைப் பிடித்து நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை எடுக்கவேயில்லை.

“என்னடி?” என்றாள், எல்லோர் நடுவிலும்.

கூடத்தில் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். அவள் அப்பா தட்டை நீட்டினபடி அப்படியே நிறுத்தி, என்ன விஷயம் என்று பார்த்தார்.

“தண்ணி” என்றேன். “தண்ணி புடிச்சாச்சு.”

அவர் தட்டை மாற்றினார். யாரோ ஒரு அத்தை சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, சும்மா நிற்காதே, உள்ளே பொம்பளைகளுக்குக் கொடு என்று தள்ளினாள். நான் குனிந்து, ஒவ்வொருத்தர் முன்னாலும் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு போனேன். அவள் முறை வந்தபோது அவளும் விரலால் தொட்டு எடுத்துக்கொண்டாள்.